பழம்பொருளில் கோழிக்கூடு

பழைய வீட்டை இடிக்குங்கால் மிஞ்சும் சட்டங்களும் ஓடுகளும் பெரும்பாலும் வீணே மட்கிப் போகின்றன. அவற்றைக் கொண்டே ஆறு கோழிகளுக்கு உறுதியான கூடு அமைக்கலாம்.

முதற்கண் பொருள்களை ஆராய்தல் வேண்டும். கரையான் அரித்த மரம் ஆகாது. துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கிவிட வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். உரிந்த பூச்சைக் கோழி கொத்தினால் அந்நஞ்சு முட்டை வழியே உண்பவரையும் சேரும். ஆதலின், வண்ணம் பூசிய மரத்தை விலக்குதலே நலம்.

ஒரு கோழிக்கு ஏறத்தாழ 3 சதுர அடி இடம் வேண்டும். ஆறு கோழிகளுக்கு 6 அடி நீளமும் 3 அடி அகலமும் போதும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமையின் வெயில் உள்ளே மிகுதியாகப் புகாது. தரைக்கு மேல் 2 அடி உயரத்தில் கால்களின்மீது நிறுத்தினால் ஈரம் அணுகாது. பக்கங்களில் கம்பிவலை அடித்தால் காற்று உலவும். வலையின் கண் அரை அங்குலத்திற்கு மேற்படலாகாது. பெரிதாயின் பாம்பு நுழையும். மரநாய் கால்விட்டுக் கோழியைப் பற்றும். உட்புறம் சுண்ணாம்பு அடித்தல் செள்ளைக் குறைக்கும்.

கூடு கோழிகளுக்குக் காவல். கூட்டுக்கோ தாழ்ப்பாளே காவல். மாலையில் அதனை இட மறந்தால், இத்தனை உழைப்பும் ஓரிரவில் பாழாகும்.