பெற்றோரும் சுவைக்கும் பிள்ளைக் கதைகள், பிள்ளைப் பாடல்கள்

தலைநகரில் அரசினர் குடியிருப்பு ஒன்றில் வாழும் நமக்கு, ஊரிலிருந்து அன்னையார் வந்து தங்கும் நாட்கள் திருவிழா போன்றவை. முந்தைய ஆண்டுப் பனிக்காலத்தில் அவர் வந்திருந்தபோது, ஏழு வயதுப் பேரனை அருகில் இருத்திக்கொண்டு, முன்னொரு காலத்தில் நமக்குச் சொன்ன நரிக்கதையைத் தொடங்கினார். பையன் மூன்று வாக்கியங்கள் கேட்டான். பின்னர் நம் பக்கம் திரும்பி, பாட்டி என்ன சொல்கிறார் என்று இந்தியில் வினவினான். பகலெல்லாம் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பதே நம் தொழில். அன்று மாலை, நம் தாய்க்கும் நம் மகனுக்கும் நடுவே அமர்ந்து அதே தொழிலைச் செய்ய நேர்ந்தது. கதை முடியுமுன் அன்னையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தூக்கம் வருகிறது என்று எழுந்துவிட்டார்.

குற்றம் பையனுடையதன்று. அவனுக்கென்று நாம் தமிழ் நூல்கள் வாங்காமலும் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் கட்டுக் கட்டாக வாங்கி வந்தோம். பொய் சொன்ன சிறுவன் துன்புற்றான், மெய் சொன்ன சிறுவன் பரிசு பெற்றான் என்னும் வகையைச் சேர்ந்தவை அவை. முதல்நாள் இரவு படித்துக் காட்டினோம். மறுநாளும் படித்தோம். மூன்றாம் நாள், உண்மையைச் சொன்னால், அந்த நூலை நாமே அலமாரியின் மேல்தட்டில் பையன் கண்ணுக்கெட்டாதபடி வைத்துவிட்டோம். சிறுவர் நூல்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் செய்தி இதுவே. குழந்தை ஒரே கதையை நாற்பது முறை கேட்கச் சலிப்பதில்லை. சலிப்பவர் படித்துக் காட்டும் பெற்றோர். அவர் சலித்த அன்றே நூலின் ஆயுள் முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் இருப்போருக்கு இது பெரிய இழப்பன்று. அங்கே பேருந்தின் பெயர்ப்பலகை எழுத்துக் கற்பிக்கும். கீரைக்காரி சொற்களைக் கற்பிப்பாள். அடுத்த வீட்டுத் திண்ணை வசைமொழிகளைக்கூடக் கற்பித்துவிடும். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் குழந்தைக்கு இவை யாவும் பிறிதொரு மொழியில் கிடைக்கின்றன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்துவன போன்ற பள்ளிகள் சிலருக்கு எட்டும், பலருக்குத் தொலைவு. எஞ்சி நிற்பது பெற்றோரின் வாய் ஒன்றே. ஆதலின், வெளிமாநிலத் தமிழர் வீட்டில் பெற்றோர் சுவைத்துப் படிக்கத்தக்க பிள்ளை நூல் என்பது ஆடம்பரமன்று. அரிசி பருப்பைப் போல வாங்கி வைக்க வேண்டிய பொருள்.

பெரியோர் சுவையும் சிறுவர் சுவையும் இருவேறு என்னும் எண்ணம் நம் இலக்கியத்தில் முன்பு அவ்வளவு வலுவாக இருந்ததாகத் தெரியவில்லை. பிள்ளைத்தமிழை நினைத்துப் பாருங்கள். செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று குழந்தை வளர்ச்சியின் படிகளையே பருவங்களாக வகுத்துப் பெரும்புலவர்கள் பாடினர். அம்புலிப் பருவத்தில் நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைப்பர். முதலில் இன்சொல், பிறகு வேற்றுமை காட்டுதல், அதன்பின் கொடை, இவற்றுக்கும் இணங்காவிடில் மிரட்டல். அரசியல் நூல் கூறும் சாம, பேத, தான, தண்டம் என்னும் நான்கு உபாயங்களும் ஒரு விளையாட்டுத் தோழனை அழைப்பதற்குப் பயன்படுகின்றன! இது குழந்தைக்கு எழுதப்பட்டதன்று, குழந்தையை வைத்துப் பெரியோருக்கு எழுதப்பட்டது என்று அறிஞர் கூறுவர். ஆயினும் மொட்டைமாடியில் நிலாச்சோறு ஊட்டும் தாய் செய்வதும் இதே நான்கு உபாயங்கள்தாம்.

அந்த நிலவின் பெயரைத் தாங்கி 1947-ஆம் ஆண்டு ஜூலையில் சென்னையிலிருந்து வெளிவந்தது 'அம்புலிமாமா'. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் ஒருங்கே தொடங்கிய அவ்விதழ், பின்னர் இந்தி, கன்னடம், மராத்தி, வங்காளி எனப் பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் பரவியது. 2013-இல் நின்றுபோயிற்று. ஒரே கதை, ஒரே படம், மொழி மட்டும் வேறு. நாக்பூரில் வளர்ந்த தமிழ்ச் சிறுவன் தன் மராத்தித் தோழனோடு ஒரே வேதாளத்தைப் பற்றி வாதிடலாம் என்றால், மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு அதைவிட மகிழ்ச்சி தருவது எது? தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடக்கும் அந்தச் சித்திரத்தை வரைந்தவர் 'சங்கர்' எனப்பட்ட கே. சி. சிவசங்கரன் (1924–2020). இன்று ஐம்பது அறுபது வயதைக் கடந்த எத்தனையோ பேருக்கு இருட்டு என்றால் அந்தப் படமே நினைவுக்கு வரும்.

வேதாளக் கதைகளைப் பெற்றோருக்கு நாம் முதன்மையாகப் பரிந்துரைப்பதற்குக் காரணம் படம் மட்டுமன்று. அவை நீதியில் முடிவதில்லை, வினாவில் முடிகின்றன. உணவில் நுண்ணுணர்வு மிக்கவன் ஒருவன். சோற்றில் சுடுகாட்டுப் புகையின் நாற்றம் வீசுகிறது என்று உண்ணாமல் எழுந்துவிடுகிறான். விசாரித்தால், சுடுகாட்டை அடுத்த வயலில் விளைந்த நெல் அது! படுக்கையில் நுண்ணுணர்வு மிக்கவன் மற்றொருவன். ஏழு மெத்தைகளுக்கு அடியில் கிடந்த ஒற்றை மயிர் அவன் உடம்பில் தழும்பு பதிக்கிறது. இவர்களுள் சிறந்தவன் யார்? விடை தெரிந்தும் கூறாவிடில் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். அரசன் கூறும் விடை ஒருபுறம் இருக்க, உணவு மேசையில் தாயும் தந்தையும் ஆளுக்கொரு கட்சி எடுப்பதைத் தவிர்க்க முடியாது. குழந்தை அந்த வழக்கைத் தீர்க்கத் தமிழில்தான் பேசியாக வேண்டும்.

பாடல்களுக்கு வருவோம். புதுக்கோட்டைப் பகுதியில் இராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா வங்கிப் பணியில் இருந்துகொண்டே சிறுவர்க்காகப் பாடியவர். அவருடைய 'மலரும் உள்ளம்' 1944-இல் வெளிவந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியதிலும் அவர் பங்கு பெரிது. அவர் பாடல்களைக் கண்ணால் படித்தால் எளிமையாகத் தோன்றும். வாயால் சொன்னால்தான் அவற்றின் கட்டமைப்பு விளங்கும். சிறு அடி, அடிக்கொரு எதுகை, கை தட்டுவதற்கேற்ற நிறுத்தம். காதில் ஒருமுறை விழுந்த சொல், பொருள் தெரியாவிடினும் ஒலியால் ஒட்டிக்கொள்கிறது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களும் இவ்வகையினவே; அவற்றில் சற்றுக் கூடுதலான அமைதியும், நாஞ்சில் நாட்டுக் காலைப்பொழுதின் குளிர்ச்சியும் இருப்பதாக நமக்குத் தோன்றுவதுண்டு.

பழைய பாடல்களில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஏற்றம், உறி, பரண் போன்ற சொற்களை எட்டாம் மாடியில் வளரும் குழந்தைக்கு எங்ஙனம் காட்டுவது? ஒரு நாள் தாளில் ஏற்றம் ஒன்றை வரைந்து விளக்கினோம். மகன் கூர்ந்து நோக்கிவிட்டு, மெட்ரோ ரயில் பாலம் கட்டுகிற கிரேன் அல்லவா இது என்றான். நாம் மறுக்கவில்லை. ஒருபுறம் பாரமும் மறுபுறம் தூக்கும் பொருளுமாக, இரண்டும் நெம்புகோல் தத்துவத்தில் இயங்குவனவே.

குடியேறிய ஊரின் செல்வத்தையும் ஒதுக்கலாகாது. கொல்கத்தாத் தமிழர்க்கு இவ்வகையில் நல்லூழ் உண்டு. சுகுமார் ராய் என்பவர் வங்காளியில் எழுதிய 'ஆபோல் தாபோல்' என்னும் பாடல் நூல் 1923 செப்டம்பரில் வெளிவந்தது. அவர் முப்பத்தைந்து வயதில் காலா-அசார் நோயால் இறந்து ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. பொருளற்ற பாடல்கள் என்று அவற்றைச் சொல்வது வழக்கம். பொருளை வேண்டுமென்றே கலைத்துப் போட்ட பாடல்கள் என்பதே பொருத்தம். இலக்கணத்தைப் பொருட்படுத்தாமலே இரண்டு விலங்குகளை ஒட்டிவிடுகிறார்: வாத்தைக் குறிக்கும் 'ஹான்ஸ்', முள்ளம்பன்றியைக் குறிக்கும் 'சஜாரு' இரண்டும் சேர்ந்து 'ஹான்ஸ்ஜாரு' என்று ஒரு புதுப்பிராணி பிறக்கிறது. படமும் அவரே வரைந்தது. வங்காளி நண்பர் ஒருவர் இதை விளக்கிய இரவு, தமிழில் இதற்கு என்ன சொல்லலாம் என்று அரைமணி நேரம் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தோம். அரசாணைகளை இருபது ஆண்டுகளாகத் தமிழாக்கிய கை ஓடவில்லை. அருகில் படுத்திருந்த மகன், கண்ணைத் திறவாமலே, "வாத்தம்பன்றி" என்றான். அதற்குப்பின் ஒரு வாரம் வீட்டில் கழுதைக்குருவியும் பூனைமாடும் நடமாடின. தமிழ்ச் சொற்களை அவன் தானே எடுத்து ஆண்டது அதுவே முதல்முறை.

சுகுமாரின் தந்தை உபேந்திரகிஷோர் 1913-இல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். நின்றுபோயிருந்த அதனை 1961-இல் சுபாஷ் முகோபாத்யாயருடன் சேர்ந்து மீட்டெடுத்தவர் பேரர் சத்யஜித் ராய். பாட்டனார் எழுதிய கூபி, பாகா என்னும் இருவரின் கதையை அவர் திரைப்படமாக்கினார், 1969-இல் வெளிவந்தது. அதன் பேய் நடனம் தமிழர் கேட்டே ஆக வேண்டிய ஒன்று. அரசர், குடியானவர், வெள்ளைக்காரர், தொந்தியர் என நால்வகைப் பேய்கள் ஆடுகின்றன. வாய்ப்பாட்டே கிடையாது. அரசருக்கு மிருதங்கம், குடியானவருக்குக் கஞ்சிரா, வெள்ளைக்காரருக்குக் கடம், தொந்தியருக்கு மோர்சிங்! நம் கச்சேரி மேடையின் தாள வாத்தியங்களை வங்காளப் பேய்களுக்குக் காலில் கட்டிவிட்டார் ராய். மிருதங்கத்தின் செம்மை மன்னருக்கும், மோர்சிங்கின் குறும்பு தொந்திக்கும் எத்துணைப் பொருத்தம் என்பதைக் குழந்தை சிரித்தே உணர்ந்துவிடுகிறது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிற்றுண்டிச் சாலையை நாடும் பெரியோர்க்கும் இதில் கற்க இடமுண்டு.

இசையில் மற்றுமொரு பாலம் நம் வீட்டிலேயே கிடைத்தது. பள்ளியில் பையன் கற்று வந்த 'டுவிங்கிள் டுவிங்கிள்' என்னும் ஆங்கிலப் பாட்டின் மெட்டு 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மெட்டு. மொஸார்ட்டு அதன்மீது பன்னிரண்டு வேறுபாடுகளைப் பியானோவுக்கு இயற்றியிருக்கிறார். அதே மெட்டில் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) 'சியாமளே மீனாக்ஷி' என்னும் பாடலை அமைத்தார். சென்னையை அடுத்த மணலியில் இளமையில் வாழ்ந்தபோது கும்பினியாரின் பாண்டு வாத்திய இசையைக் கேட்டு, இவ்வாறு நாற்பது வரையிலான நோட்டுஸ்வர சாகித்தியங்களை அவர் இயற்றினார் என்பர். யாவும் சங்கராபரண சுரங்களிலேயே அமைந்தவை, கமகம் இல்லை, குழந்தைத் தொண்டைக்கு எளியவை. மொழி வடமொழி, ஆதலின் தமிழ் கற்பிக்க உதவா. இருப்பினும், தான் பள்ளியில் பாடியது பாட்டன் காலத்துச் சங்கீதம் என்று அறிந்தபோது பையன் முகத்தில் எழுந்த வியப்பு, பாட்டு வகுப்புக்கு அனுப்பியிருந்தாலும் எழுந்திராது.

கேரளத்தில் வாழும் தமிழர்க்கு இரயிம்மன் தம்பியின் 'ஓமனத் திங்கள்' என்னும் தாலாட்டைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1813-இல் பிறந்த சுவாதித் திருநாளைத் தூங்கவைக்க எழுந்தது அது. குழந்தையை இதுவோ அதுவோ என்று வினவிக்கொண்டே செல்கிறது. விடை எங்கும் இல்லை. கேட்கும் குழந்தை நான்காம் வினாவில் உறங்கிவிடும். பெற்றோர் இறுதிவரை விழித்திருந்து கேட்பர்.

எங்கே வாங்குவது என்பதையும் சொல்லிவிடுவோம். சங்கர் பிள்ளை நிறுவிய சில்ரன்ஸ் புக் டிரஸ்டும், நேஷனல் புக் டிரஸ்டும் 1957-இல் தோன்றியவை. பின்னதன் நேரு பால புத்தகாலய வரிசையில் ஒரே படங்களுடன் ஒரே கதை பல மொழிகளில் கிடைக்கும். தமிழ்ப் பதிப்பையும் உள்ளூர் மொழிப் பதிப்பையும் சேர்த்து வாங்குவது நலம். புது தில்லி உலகப் புத்தகக் காட்சி 2013 முதல் ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த நூல்களை வெளியிடுகிறது. தாய் தந்தையருள் ஒருவர் தமிழரல்லாத வீடுகளுக்கு இவை ஏற்றவை. எதை வாங்கினும், கடையில் நின்றபடியே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அடுத்த பக்கத்தைப் புரட்ட உங்கள் கையே முந்தாவிடில், அந்நூல் உங்கள் குழந்தைக்கும் வேண்டா.

இவ்வாண்டுப் பனிக்காலத்தில் அன்னையார் மீண்டும் வந்தார். இரண்டாம் நாள் மாலை, சோற்றில் புகை நாற்றம் கண்டவன், மெத்தையில் மயிர் கண்டவன் இருவரில் யார் சிறந்தவன் என்று பேரன் அவரை வினவினான். சோற்றுக்காரனே என்றார் அன்னையார். நூலில் உள்ள விடை அஃதன்று. தழும்பு உடம்பில் இருக்கிறது, நாற்றத்தை யாரும் முன்பே சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று பையன் வாதிட்டான். ஐந்தாறு இந்தி வினைச்சொற்கள் இடையே புகுந்தன. அன்னையார் அவற்றை இலட்சியம் செய்யவில்லை. அறுபது ஆண்டுகளாகச் சோறு வடிப்பவளுக்குத் தெரியாதா என்று அவர் குரலை உயர்த்தியது சமையலறை வரை கேட்டது. நாம் அடுப்பருகே பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தோம். மொழிபெயர்க்க வருமாறு எவரும் அழைக்கவில்லை.