டைரக்டர் ஆக விரும்பும் வாலிபர்கள்

நமது கிராமங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் சென்னைக்கு ரயிலேறும் வாலிபர்களில் ஒரு சாரார் உத்தியோகம் தேடி வருவதில்லை. சினிமா டைரக்டர் ஆக வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் வருகிறார்கள். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் நாலைந்து பேராக ஓர் அறையில் தங்கி, கம்பெனிகளின் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். இவர்களை வீணர் என்று இகழ்வோர் உண்டு. நாம் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர்.

சினிமா வெறும் வேடிக்கையன்று. 1939-ம் ஆண்டில் வெளிவந்த ஸ்ரீ கே. சுப்ரமண்யத்தின் 'தியாக பூமி'யைக் கண்டு அஞ்சி, பிரிட்டிஷ் சர்க்கார் அதைத் தடை செய்தனர். ஆயிரம் மேடைப் பிரசங்கங்கள் செய்ய முடியாத வேலையை ஒரு படம் செய்துவிடும் என்பதை அந்நிய ஆட்சியினர் அன்றே அறிந்திருந்தனர். இத்தகைய சக்தி நாளை யார் கையில் இருக்கப் போகிறது, அவர்கள் எவ்வாறு பயிற்சி பெறுகிறார்கள் என்பது பொது ஜனங்கள் அனைவரும் கவனிக்க வேண்டிய விஷயமாகும்.

இத்தொழிலுக்கு வழி ஒன்றன்று. ஸ்ரீ சத்யஜித் ராய் கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சித்திரக்காரராக இருந்தவர். 1952-ல் 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கியபோது, வேலையை விடாமல் விடுமுறை நாட்களில் படம் பிடித்தார். கைப்பணம் தீர்ந்து பல மாதங்கள் வேலை நின்றது. முடிவில் மேற்கு வங்க சர்க்காரின் உதவியால் 1955-ல் அப்படம் வெளிவந்தது. ஸ்ரீ கார்த்திக் சுப்பராஜ் முதலில் இஞ்சினீயர். சிறு படங்கள் எடுத்துத் தொலைக்காட்சிப் போட்டியில் பங்கு பெற்று, 2012-ல் 'பீட்சா'வைத் தந்தார்.

எனினும் தமிழ் நாட்டில் பெரும்பாலோர் சென்ற வழி குருகுல வழியே. அல்லிநகரத்திலிருந்து வந்த ஸ்ரீ பாரதிராஜா கன்னட டைரக்டர் ஸ்ரீ புட்டண்ண கனகலிடம் உதவியாளராக இருந்தவர். 1977-ல் அவர் '16 வயதினிலே' எடுத்தபோது, அவரிடம் உதவியாளராக இருந்த ஸ்ரீ பாக்யராஜ் 1979-ல் தாமே டைரக்டரானார். ஸ்ரீ பாலு மகேந்திராவிடம் பயின்ற ஸ்ரீ வெற்றிமாறன் 2007-ல் 'பொல்லாதவன்' மூலம் வெளிப்பட்டார்.

உதவி டைரக்டரின் வேலை எளிதன்று. காலையில் எடுத்த காட்சியில் நடிகரின் சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது, கோப்பையில் எவ்வளவு காபி இருந்தது என்பதையெல்லாம் குறித்து வைத்து, பத்து நாள் கழித்து எடுக்கும் தொடர்ச்சிக் காட்சியில் அவ்வாறே அமைக்க வேண்டும். கிளாப் பலகை பிடிக்க வேண்டும். நடிகருக்கு வசனம் சொல்லிக் கொடுக்க வேண்டும். கூட்டத்தை நிறுத்த வேண்டும். இவற்றினிடையே டைரக்டர் ஏன் இந்தக் காட்சியை இவ்விடத்தில் வெட்டினார் என்று எவன் சிந்திக்கிறானோ, அவனே தொழிலைக் கற்கிறான்.

இவ்வளவு உழைப்புக்கும் கிடைக்கும் கூலி என்ன? கதை விவாதத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்தவனுக்குச் சாப்பாடும் பஸ் செலவும் கொடுத்தால் போதும் என்று எண்ணும் முதலாளிகள் பலர். படம் நின்று போனால் அதுவும் இல்லை. வித்தை கற்பிக்கிறோமே, சம்பளம் எதற்கு என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. பழைய குருகுலத்தில் சிஷ்யனுக்கு அன்னமும் இடமும் அளிப்பது குருவின் கடமையாக இருந்தது. பட்டினி கிடக்கும் சிஷ்யனைக் கொண்டு லாபம் சம்பாதிப்பது எந்தக் குருகுலத்தின் தர்மம்?

இதனால் விளையும் தீங்கு அந்த வாலிபனோடு நிற்பதில்லை. மாதந்தோறும் வீட்டிலிருந்து பணம் வருகிறவன் பத்து வருஷம் காத்திருக்கலாம். கூலிக்காரன் மகன் இரண்டாம் வருஷமே ஊர் திரும்பிவிடுகிறான். அவனோடு அவன் அறிந்த கழனியும் தறியும் உப்பளமும், அங்கே பாடுபடும் மக்களின் கதைகளும் திரைக்கு வராமலே போய்விடுகின்றன. நஷ்டம் நாட்டினுடையது.

ஆகவே, ஒவ்வொரு படத்தின் செலவுத் திட்டத்திலும் உதவி டைரக்டர்களின் மாதச் சம்பளம் முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். கதை விவாதம் தொடங்கும் நாளே சம்பளம் தொடங்கும் நாளாக இருக்க வேண்டும். டைரக்டர்கள் சங்கத்தில் உதவியாளர்களும் அங்கத்தினர்களே. தாமும் ஒரு காலத்தில் அவ்வறைகளில் பசித்திருந்ததை மறவாத டைரக்டர்கள் இதை அங்கே வற்புறுத்த வேண்டும்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. புகழை நாடி வருவோர் ஊரிலேயே இருப்பது நலம். தொழிலை நாடி வருவோர் வருமுன் நிறைய வாசியுங்கள், எழுதப் பழகுங்கள், கையிலுள்ள தொலைபேசியிலேயே ஐந்து நிமிஷக் கதை ஒன்றைப் படமாக்கிப் பாருங்கள். வயிற்றுக்கு வேறொரு கைத்தொழிலையும் வைத்துக் கொள்ளுங்கள். வேலை கேட்கும்போது கூலியையும் கூசாமல் கேளுங்கள். உழைப்புக்குக் கூலி கேட்பது கலைக்கு இழுக்கன்று; கேளாமல் இருப்பது, நாளை வரப்போகும் ஏழைச் சகோதரனுக்குக் கதவை அடைப்பதாகும்.