துகு நெகாராவின் ஏழு உருவங்கள் சொல்வது என்ன?

கோலாலம்பூருக்குச் சுற்றுலா செல்லும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் துகு நெகாராவையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். சிலைக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்ததும் பேருந்து கிளம்பிவிடும். அந்தச் சிலை யாருக்காக எழுப்பப்பட்டது என்பதைச் சற்று நின்று தெரிந்துகொள்வோம்.

ஜாலான் பார்லிமெனில், பெர்டானா தாவரவியல் பூங்காவை ஒட்டி அமைந்துள்ள இந்த வெண்கலச் சிற்பத்தின் உயரம் 15 மீட்டர். 1960-இல் அமெரிக்கா சென்ற பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், அங்கே கடற்படை வீரர்களின் நினைவுச் சிற்பத்தைக் கண்டார். அதை உருவாக்கிய பெலிக்ஸ் டி வெல்டனிடமே நம் நாட்டுச் சிற்பப் பணியையும் ஒப்படைத்தார். 1966 பிப்ரவரி 8-ஆம் நாள் அது திறந்து வைக்கப்பட்டது.

சிற்பத்தில் ஏழு உருவங்கள் உள்ளன. உச்சியில் ஒருவர் கொடியை ஏந்தி நிற்கிறார். இரு பக்கமும் ஆயுதம் தாங்கிய வீரர்கள். காயம்பட்ட ஒருவரை இன்னொருவர் தாங்கிப் பிடித்திருக்கிறார். தலைமை, விழிப்பு, வலிமை, ஒற்றுமை, துன்பம் போன்ற பண்புகளை இவை குறிக்கின்றன. காலடியில் கிடக்கும் இருவர், தோற்கடிக்கப்பட்ட கம்யூனிஸ்டுகள். 1975 ஆகஸ்டில் குண்டுவெடிப்பில் இச்சிற்பம் சேதமடைந்து, 1977-இல் சீரமைக்கப்பட்டது.

அருகில் இருக்கும் கல்தூண் இதைவிடப் பழமையானது. முதலாம் உலகப் போரில் இறந்தோருக்காக வேறிடத்தில் எழுப்பப்பட்டு, பின்னர் இங்கே கொண்டுவரப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகளும், 1948 முதல் 1960 வரையிலான அவசரகால ஆண்டுகளும் அதில் பின்னர் சேர்க்கப்பட்டன.

இந்த ஆண்டுகளோடு தோட்டத் தமிழர்களுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்தே அவசரகாலம் பிறந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் வந்தன. காட்டிலிருந்து வந்தவர்கள் அரிசி கேட்டார்கள். கொடுத்தால் போலீஸ் பிடிக்கும். பால்மரம் சீவப் போனவர்கள் இரண்டு பக்கமும் அஞ்சி வாழ்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

அதற்கு முன் ஜப்பானியர் காலத்தில், சயாம் மரண ரயில் பாதை அமைக்க ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். பலர் திரும்பவே இல்லை. கையில் துப்பாக்கி ஏந்தாத அவர்களுக்கு, வீரர்களைப் போற்றும் இந்த வெண்கலத்தில் உருவம் இல்லை.

நாட்டைக் காத்து உயிர்விட்டவர்களுக்குத் தலைவணங்குவது நம் கடமை. அதோடு, பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போது இந்தக் கதைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், புறப்படும் முன்பே அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். முள்வேலிக் காலத்தை நேரில் கண்டவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.