முன்பாரமும் பின்பாரமும்
காருக்குப் பின்னே வண்டி பூட்டுவோர் அறியவேண்டுவன

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுவோர் பேச்சில் முன்பாரம், பின்பாரம் என இரு சொற்கள் வழங்கிவந்தன. இரு சக்கர வண்டியில் அச்சுக்கு முன்னே சுமை மிகுந்தால் அது முன்பாரம். அப்போது நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். அச்சுக்குப் பின்னே மிகுந்தால் அது பின்பாரம். அப்போது நுகம் மேலெழும்ப, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். என் பாட்டனார் தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். மாடுகளைப் பூட்டுமுன் அவர் ஏர்க்காலின் முனையை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கை சற்றே தாங்கும் அளவுக்குப் பாரம் முன்னே இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. கை எளிதாக மேலே போய்விட்டால் மூட்டைகளை இறக்கி மீண்டும் அடுக்குவார்.

சிறுவனாக இருந்தபோது இதனை வேடிக்கை என எண்ணியிருந்தேன். இதன் உண்மைப் பொருளை 2017ஆம் ஆண்டில், மேற்கு ஆஸ்திரேலியாவில், ஒரு காரின் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தபோது அறிந்துகொண்டேன்.

அங்குக் காருக்குப் பின்னே டிரெய்லர் பூட்டுவது அன்றாட வழக்கம். வீடு மாறுவோரும், தோட்டக் குப்பையை அகற்றுவோரும், படகு வைத்திருப்போரும் அதனைப் பயன்படுத்துவர். நம் நாட்டில் டிரெய்லர் என்றதும் கொள்கலன் ஏற்றிய நெடிய லாரியே நினைவுக்கு வரும். நான் கூறவந்தது அதுவன்று. சிறு காரும் இழுத்துச் செல்லக்கூடிய, இரு சக்கரமுடைய திறந்த பெட்டி. இதற்கு ‘இழுவை வண்டி’ என்று எழுதுவோர் உளர். இழுப்பது எது, இழுக்கப்படுவது எது என்ற ஐயம் அதில் எழுகிறது. ‘தொடர்வண்டி’ என்பதையோ இரயில் எடுத்துக்கொண்டது. ஆதலின் இக்கட்டுரையில் ‘பின்வண்டி’ என்றே குறிப்பேன். இதனினும் நல்ல சொல்லை ஆசிரியர்கள் யாரேனும் வைத்திருந்தால் மகிழ்வேன்.

என் மகன் பெர்த் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பன்பரிக்குக் குடிபெயர்ந்தான். வாடகைக்கு எடுத்த பின்வண்டியில் சாமான்களை ஏற்றியவர்கள் நாங்கள் இருவருமே. இறக்கும்போது முதலில் வேண்டியவை கைக்கு எட்டவேண்டும் என்று புத்தகப் பெட்டிகள் அனைத்தையும் பின்கதவை ஒட்டி அடுக்கினோம். முன்பக்கத்தில் மெத்தையும் தலையணைகளும். நகரத்துக்குள் ஒரு குறையும் தெரியவில்லை. விரைவுச் சாலையில் வேகம் 90 கிலோமீட்டரைத் தொட்டபோது, எங்களைக் கடந்து சென்ற ஒரு லாரியின் காற்று பட்டது. பின்வண்டி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் முன்னதைவிடப் பெரிதாயிற்று. காரின் பின்பகுதியையும் அது இழுத்து அசைத்தது. “அப்பா, பின்னால யாரோ பிடிச்சு உலுக்குற மாதிரி இருக்கு!” என்றான் மகன். நல்லவேளையாக அவன் பிரேக்கை மிதிக்கவில்லை. அச்சத்தில் எரிநெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டான், அவ்வளவே. வேகம் தணிய ஆட்டமும் தணிந்தது. சாலையோரம் நிறுத்திப் புத்தகப் பெட்டிகளை முன்னே மாற்றினோம். அதன்பின் பன்பரி வரையில் பின்வண்டி நிழல்போல் தொடர்ந்து வந்தது.

இது யாங்ஙனம் நிகழ்ந்தது என்பதை நோக்குவோம். பின்வண்டியைத் தாங்குவன மூன்றே இடங்கள்: முன்னே காரின் இழுவைக் குண்டு, கீழே இரு சக்கரங்கள். குண்டு ஒரு மூட்டு. பின்வண்டி பக்கவாட்டில் திரும்ப அது இடங்கொடுக்கும். காற்றோ பள்ளமோ பின்வண்டியைச் சற்றே கோணச் செய்தால், சாலையைப் பற்றியுள்ள டயர்கள் அதனை நேர்வழிக்குத் திருப்ப முயலும். பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்குச் சற்று முன்னே இருப்பின் இம்முயற்சி எளிதில் கைகூடும். அது பின்னே இருப்பின், வாலில் உள்ள கனம் திரும்பும்போது நடுவில் நில்லாது மறுபுறம் ஓடிவிடும், ஊசல் போல. மேலும், பின்பாரம் காரின் குண்டை மேல்நோக்கித் தூக்குவதால் காரின் பின்டயர்களுக்கும் பிடிப்புக் குறைகிறது. வேகம் மிக மிக, டயர்கள் ஆட்டத்தை அடக்கும் ஆற்றல் தளர்கிறது. ஒரு வரம்பைக் கடந்தால் ஆட்டம் தானே வளர்ந்து, காரையும் சேர்த்துக் கவிழ்க்கவும் வல்லது. மெல்லச் செல்லும்வரை குற்றம் வெளிப்படாமல் மறைந்திருப்பதே இதிலுள்ள கொடுமை. மாட்டு வண்டியில் தவறு செய்தவனுக்கு மாடு உடனே உணர்த்திவிடும், கார் உணர்த்தாது.

உடற்பயிற்சிக்கான ஓடுபொறியின் வார்மீது ஒரு பொம்மைக் காரையும் சிறு பின்வண்டியையும் பிணைத்து நிறுத்தி, கனத்தை முன்னும் பின்னும் மாற்றி வைத்து இதனை மாணவர்க்குக் காட்டலாம். கரும்பலகையில் நூறு வரி எழுதுவதைவிட அது விளங்கும்.

கணக்கும் எளியதே. பின்வண்டியின் அச்சிலிருந்து குண்டு வரையுள்ள தொலைவு 2.5 மீட்டர் எனக் கொள்வோம். அச்சுக்கு 1 மீட்டர் பின்னே 100 கிலோ புத்தகம் வைத்தால், அது குண்டை 40 கிலோ எடையளவுக்கு மேலே தூக்கும். அதே பெட்டிகளை அச்சுக்கு 1 மீட்டர் முன்னே வைத்தால், 40 கிலோ கீழே அழுத்தும். இடம் மாற்றியதால் மட்டும் 80 கிலோ வேறுபாடு! ஆயின் கனமானவற்றை எல்லாம் முன்னே குவித்துவிடுவதும் தவறு. முன்பாரம் மிகுந்தால் காரின் பின்பகுதி தாழும். முன்டயர்களின் பிடிப்பு குறைந்து திருப்புவதும் நிறுத்துவதும் கெடும். இரவில் முன்விளக்குகள் வானத்தை நோக்கும். ஆஸ்திரேலியாவில் பின்வண்டியின் மொத்த எடையில் 10 விழுக்காடு குண்டின்மேல் இருப்பது நன்று என்பர். பிரிட்டனில் 5 முதல் 7 விழுக்காடு என்பது பொதுவான அறிவுரை. கனமானவை அச்சின்மேலும் அதற்குச் சற்று முன்னும், தரையை ஒட்டியும். இலேசானவை இரு முனைகளிலும். இதுவே அடுக்கும் முறை.

அளந்து பார்க்கக் குளியலறையில் உடல் எடை பார்க்கும் கருவியே போதும். பின்வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்துவிடுக. காரின் குண்டு இருக்கும் உயரத்துக்கு ஒரு மரத்துண்டை வெட்டிக் கருவிமேல் நிறுத்தி, அதன்மேல் பின்வண்டியின் முனையை மெல்ல இறக்குக. 600 கிலோ எடையுள்ள பின்வண்டியாயின் முள் 60ஐ ஒட்டி நிற்கவேண்டும். என் பாட்டனார் கையால் செய்தது இதுவேயன்றோ! சிங்கப்பூரின் கிரேத்தா ஆயர் வட்டாரம் அப்பெயர் பெறக் காரணமான மாட்டுத் தண்ணீர் வண்டிகளை ஓட்டியவர்களும் இக்கலையை அறியாமல் இருந்திருக்க முடியாது.

இனி, காரில் பொருத்தும் இழுவைச் சட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இதனை ‘டோ பார்’ என்றே கடைகளில் கேட்கவேண்டும். பம்பருக்குப் பின்னே அது தென்படுவதால், பம்பரில் மாட்டப்பட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. காரின் அடிச்சட்டத்தில், கார் செய்தவர்கள் குறித்த இடங்களில், குறித்த கனமுள்ள போல்ட்டுகளால் அது இறுக்கப்படவேண்டும். மெல்லிய தகட்டில் துளையிட்டு மாட்டித் தருவோரிடம் காரை விடாதீர்கள். வாங்குமுன் காரின் கையேட்டைப் புரட்டுக. எவ்வளவு எடையை இழுக்கலாம், குண்டின்மேல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என இரு எண்கள் அதில் இருக்கும். சில கார்களின் கையேடு ‘இழுத்தல் கூடாது’ என்றே கூறும். அங்கே பேச்சு முடிந்தது. கார் தாங்குவது ஓர் எண், சட்டம் தாங்குவது ஓர் எண், குண்டு தாங்குவது மற்றோர் எண். இவற்றுள் எது சிறியதோ அதுவே உங்கள் வரம்பு. பெரிய சட்டத்தை மாட்டியதால் சிறிய காருக்கு வலிமை கூடிவிடாது.

பலர் மறப்பது ஒன்றுண்டு. குண்டின்மேல் அழுத்தும் 60 கிலோவும் கார் சுமக்கும் எடையே. ஐவர் அமர்ந்து, பின்பெட்டியையும் நிரப்பிவிட்டுப் பின்வண்டியையும் பூட்டினால், காரே அளவுக்கு மீறிச் சுமப்பதாகும். அதுபோலவே பின்வண்டியின் எடை என்பது அதன் சொந்த எடையும் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் தனக்கெனப் பிரேக் இல்லாத பின்வண்டி 750 கிலோவுக்கு மேற்படலாகாது. வெறும் வண்டியே 300 கிலோ இருப்பின், ஏற்றத்தக்கது 450 கிலோ மட்டுமே. ஈர மணலோ செங்கல்லோ ஆயின் பெட்டி பாதி நிரம்புமுன்பே அவ்வளவும் வந்துவிடும். மயிற்பீலியேயாயினும் அளவு மீறினால் அச்சு தாங்காது என்று 475ஆம் குறளில் வள்ளுவர் கூறியதை ஆசிரியர்களுக்கு நான் நினைவூட்டவேண்டியதில்லை.

மின்கம்பி இணைப்பைக் கைத்திறன் உள்ளவர்களிடமே விடுக. பழைய கார்களில் பின்விளக்குக் கம்பியிலேயே மற்றொரு கம்பியை முறுக்கிச் சேர்ப்பர். இன்றைய கார்களில் விளக்குகளைக் கணினி ஆள்வதால், அவ்வாறு சேர்த்தால் பழுதாகும். அந்தக் காருக்கென்றே செய்த இணைப்புக் கருவி வேண்டும்.

பூட்டும்போது குண்டின் அளவைப் பார்க்கவேண்டும். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் 50 மில்லிமீட்டர் குண்டே பெரிதும் வழங்குகிறது. நியூசிலாந்தில் 50 மில்லிமீட்டரும், அதனினும் சற்றே சிறிய 1⅞ அங்குலமும் கலந்து வழங்குகின்றன. பெரிய கிண்ணத்தைச் சிறிய குண்டில் மாட்டினால் பொருந்தியதுபோலவே தோன்றும். ஒரு மேட்டில் குதிக்கும்போது கழன்றுவிடும். பூட்டியபின் பின்வண்டியின் முன்தாங்கியைச் சுழற்றிச் சற்று உயர்த்திப் பாருங்கள். காரின் பின்பகுதியும் உடன் எழுந்தால் பிடிப்பு உறுதி. காப்புச் சங்கிலிகள் இரண்டாயின், அவற்றை ஏர்க்காலின் கீழே குறுக்காக மாட்டுக. கிண்ணம் கழன்றாலும் முனை சாலையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

ஓட்டுவது பற்றி நீளப் பேசவேண்டுவதில்லை. முன்செல்லும் வண்டிக்கு வழக்கத்தைவிட இருமடங்கு இடைவெளி விடுக, வேகத்தைக் குறைத்துக்கொள்க. பிரிட்டனில் பின்வண்டியுடன் செல்லும் காருக்கு விரைவுச் சாலையிலும் மணிக்கு 60 மைலே உச்ச வரம்பு. ஆட்டம் தொடங்கினால் திருப்புசக்கரத்தை நேரே பிடித்து, எரிநெய் மிதியை விட்டு, வேகம் தானே தணிய விடுக. எதிர்ப்புறம் திருப்பி அடக்க முயல்வதும், திடீரெனப் பிரேக் போடுவதும், வேகமாகப் போய் நேராக்கிவிடலாம் என எண்ணுவதும் ஆபத்து. பின்னோக்கிச் செல்லும்போது, திருப்புசக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால் கை செல்லும் பக்கமே பின்வண்டியும் செல்லும். காலியான திடலில் அரை நாள் பழகினால் கைவந்துவிடும்.

மலேசியாவில் காரில் இழுவைச் சட்டம் பொருத்த எண்ணுவோர் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும், சிங்கப்பூரில் உள்ளோர் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் முன்னதாகவே கேட்டறிந்துகொள்ளவேண்டும். பொருத்தியபின் கேட்டால், கழற்றும் செலவும் சேரும்.

பின்வண்டிகள் பெரும்பாலும் வீட்டுப்புறத்தில் மாதக்கணக்கில் கிடப்பவை. டயர் தேயாமலே முதுமையால் வெடிக்கும். சக்கரத்தின் பேரிங்கில் மசகு வறளும். படகு ஏற்றுவோருக்கு இன்னொரு தொல்லை: நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரக் குடத்தை உடனே நீரில் இறக்கினால், அது குளிரும்போது நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சிறிது நேரம் ஆறவிட்டே இறக்கவேண்டும். நெடும்பயணத்தில் முதல் 50 கிலோமீட்டர் சென்றதும் ஒருமுறை நிறுத்தி, பிணைப்பையும் சக்கர நட்டுகளையும் கயிறுகளையும் பார்த்துவிட்டு, இரு சக்கரக் குடங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டு செல்லுங்கள். ஒன்று மற்றதைவிட மிகச் சூடாக இருந்தால், பேரிங்கைப் பார்க்காமல் அங்கிருந்து கிளம்பலாகாது.