எடுத்த பேக்கப் திரும்புமா?

பரளச்சி வட்டாரப் புன்செய் கணக்கைக் கணினியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். ‘நிலம்’ தாய் அட்டவணை. மல்லி, பருத்தி, மிளகாய் அதன் பிள்ளைகள். சென்ட்டை 100-ஆல் வகுத்தால் ஏக்கர். இந்த ஏக்கர் பத்தியை யாரும் நிரப்புவதில்லை, வாய்பாடே நிரப்புகிறது. தாயிடம் எழுதிய வாய்பாடு பிள்ளைகளுக்கும் சேரும். 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12 என்ற தரவுத்தள மென்பொருள் இந்த வசதியைத் தந்தது. ஆனால் அதன் பேக்கப் கருவி, பிள்ளைக்குத் தாய்வழி வந்துவிட்ட வாய்பாட்டை மறுபடியும் தனியே எழுதிவைத்தது. மீட்டெடுக்கும்போது, ‘இது கணக்கிட்டு நிரம்பும் பத்தி’ என்று தரவுத்தளம் அதை மறுத்துப் பிழை காட்டியது. 2021 பிப்ரவரித் திருத்தத்தில் இது சரியானது.

தரவு அழியவில்லையே, தீங்கற்ற பிழைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பொய்யான எச்சரிக்கைகளைத் தாண்டிப் போகப் பழகிய கண், நடுவே வரும் மெய்யான எச்சரிக்கையையும் தாண்டிவிடும். முதல் பிழையிலேயே நிற்கும்படி மீட்பை அமைத்திருந்தால், தீங்கற்ற பிழையும் வேலையைப் பாதியில் முறித்துவிடும். எனவே மென்பொருளைப் புதுப்பியுங்கள். பிழை வரியை முழுதாகப் படியுங்கள். வேறொரு கணினியில் மீட்டு, வரிசை எண்ணிக்கையையும் ஏக்கர் கூட்டுத்தொகையையும் ஒப்பிடுங்கள். முளைக்குமா என்று பாராமல் விதையைக் கட்டிவைப்பதில்லை. மீட்டுப் பாராத பேக்கப்பும் அப்படியே.