சேவைக் கழகத்திற் சில்லுச் சப்பாத்து மகளிர்

அமெரிக்க நாட்டின் ஊர்களிலே றோட்டரிக் கழகத்தார் வாரந்தோறும் கூடி ஒருங்கிருந்து உண்பது நெடுநாள் வழக்கம். உணவின் பின் விருந்தினர் ஒருவர் எழுந்து சிறிது நேரம் பேசுவார். நகரசபைப் பொறியியலாளர் குடிநீர்க் குழாய்களைப் பற்றிப் பேசுவார். வைத்தியர் நீரிழிவைப் பற்றிப் பேசுவார். நூலகர் புதிய கட்டடத்துக்குப் பணம் போதாமையைப் பற்றிப் பேசுவார். இவ்வரிசையிலே, சென்ற இருபது ஆண்டுக் காலத்தில், தலைக்கவசமும் முழங்காற் காப்பும் கையிலேந்தி மகளிர் இருவர் மூவர் வந்து பேசுவதும் சேர்ந்துகொண்டது. அவர் பேசும் பொருள் றோலர் டேர்பி. சில்லுப் பூட்டிய சப்பாத்தணிந்து நீள்வட்டப் பாதையிலே விரைந்து, எதிரணியினரைத் தோளாலும் இடுப்பாலும் மோதி விலக்கி முன்னேறும் விளையாட்டு அது.

நம் மூத்தோர் சிலர் இதனைக் கேட்டு முகஞ் சுளித்தல் கூடும். கல்லூரி மலரில் இதற்கு என்ன இடம் என வினவுதலும் கூடும். ஆயினும் ஒரு விளையாட்டு யாருக்கு உரியது, அதனை ஆடுவோர்க்கா அன்றி அதனைக் காட்டிப் பணம் ஈட்டுவோர்க்கா, என்னும் கேள்வி இதனுள்ளே கிடக்கின்றது. விளையாட்டுச் சங்கங்களை நடத்திப் பழகிய பழைய மாணவர்க்கு அது புறம்பான கேள்வியன்று.

றோட்டரியும் இவ்விளையாட்டும் ஓரூரிற் பிறந்தவை. 1905ஆம் ஆண்டு பெப்புருவரி 23ஆம் நாள் போல் ஹரிஸ் என்னும் வழக்கறிஞர் சிக்காகோ நகரில் நண்பர் மூவருடன் கூடிக் கழகத்தைத் தொடங்கினார். அங்கத்தவரின் தொழில் நிலையங்களிலே முறைவைத்துச் சுழன்று கூடியமையால் அதற்குச் சுழற்சியைக் குறிக்கும் றோட்டரி என்னும் பெயர் வாய்த்தது. முப்பது ஆண்டு கழித்து, 1935ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள், அதே நகரின் கொலிசியம் மண்டபத்தில் லியோ செல்சர் என்பார் முதலாவது றோலர் டேர்பியை நடத்தினார். முன்னது சுழன்று கூடியோர் கழகம். பின்னது சுழன்று ஓடியோர் ஆட்டம். அவ்வேடிக்கையை விட்டு நோக்கினால், பெண்பாலார் விடயத்தில் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் நின்றமை புலப்படும்.

செல்சர் படமாளிகை நடத்தியவர். பொருளாதார மந்தத்தால் அமெரிக்க மக்கள் வேலையின்றித் தவித்த காலத்திலே, இணையினர் நாட்கணக்கில் ஓயாது நடந்து பரிசுக்குப் போட்டியிடும் காட்சிகளையும் அவர் நடத்தினார். அதன் மறு வடிவமே முதலாவது டேர்பி. ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக 25 இணைகள் மண்டபத்தினுள்ளே சுற்றிச் சுற்றி ஓடின. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரையுள்ள ஏறத்தாழ 3,000 மைலுக்கு ஈடான தூரத்தைப் பல வாரங்களில் ஓடி முடிப்பது நோக்கம். மோதல் அப்போது ஆட்டத்தின் விதியன்று. ஒருவரையொருவர் முந்த முயன்று விழுந்தெழுவதையே பார்வையாளர் பெரிதும் விரும்பினர். 1930களின் பிற்பகுதியில் விளையாட்டு எழுத்தாளர் டேமன் றன்யன் இதனைக் கண்டு, அம்மோதலையே ஆட்டமாக்குமாறு செல்சருக்கு யோசனை கூறினார். இன்றுள்ள விளையாட்டின் வித்து அதுவே.

முதல் நாள் தொட்டே பெண்கள் இதில் இருந்தனர் என்பதை ஈண்டுக் குறித்தல் வேண்டும். ஆடவரும் மகளிரும் மாறிமாறி ஆடினர். இரு பாலார்க்கும் ஒரே விதிகள். இரு பாலாரின் புள்ளிகளும் கூட்டப்பட்டே வெற்றி தோல்வி துணியப்பட்டது. அக்காலத்து வேறெந்தப் பெரிய காட்சி விளையாட்டு பெண்ணுக்கு இவ்வளவு இடமளித்தது? 1948இல் நியூயோர்க்கிலிருந்து தொலைக்காட்சியில் இது காட்டப்பட்டபோது இதன் புகழ் நாடெங்கும் பரவிற்று. பின்னாளிலே சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் பொம்பர்ஸ் அணி மகளிர்க்குத் தலைவியாய் விளங்கிய ஜோன் வெஸ்டன் போன்றோரைக் காணவே மண்டபங்கள் நிரம்பின.

ஆயினும் பெண்கள் ஆடினரேயன்றி ஆட்டம் அவர்களுடையதாய் இருக்கவில்லை. பயணத்தை வகுத்தவரும் வருவாயை வைத்திருந்தவரும் உரிமையாளரே. ஊரூராகப் பேருந்திற் சென்று ஆடி, அடுத்த ஊருக்குப் புறப்படுவதே ஆட்டக்காரரின் வாழ்க்கை. 1937 மார்ச்சில் இலினோய் மாநிலத்துச் சேலம் என்னும் ஊரருகே அவர்கள் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகி, அதிற் பயணஞ் செய்தோரிற் பெரும்பாலோர் மாண்டனர். 1973இல் உரிமையாளராயிருந்த செல்சரின் மகன் ஜெரி கடையை மூடினார். ஆட்டமும் அன்றே நின்றது. ஆடுவோர் அதனைத் தொடர்ந்து நடத்த வழியில்லை. ஏனெனில் அவர்களிடம் காலிலிருந்த சப்பாத்தன்றி வேறொன்றும் இருக்கவில்லை. அதன்பின் பிறர் இதனை உயிர்ப்பிக்க முயன்று நாடகமாக்கினர். 1989இல் தொலைக்காட்சிக்கென ஆக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியிலே, புள்ளி சமனானால் ஓடுவோர் முதலைக் குட்டத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தனர்! விளையாட்டுக்கு இதனினும் பெரிய இழிவு வேண்டுவதில்லை.

இனிக் கழகத்தின் பக்கம் நோக்குவோம். றோட்டரியின் யாப்பு ஆடவரை மட்டுமே அங்கத்தவராக ஏற்றது. 1977இல் கலிபோர்னியாவின் டுவாட்டே என்னும் சிற்றூர்க் கழகம் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டே அதன் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அவ்வூரார் அடங்கினாரல்லர், தம்மை 'முன்னாள்' டுவாட்டேக் கழகம் என்று பெயரிட்டுக்கொண்டு கூட்டங்களை நடத்தியவாறே நீதிமன்றம் ஏறினர். 1987 மே 4ஆம் நாள் அமெரிக்க உயர் நீதிமன்றம், பெண்களைச் சேர்க்குமாறு கலிபோர்னியச் சட்டம் கழகங்களைக் கட்டுப்படுத்தும் என்று தீர்த்தது. 1989இல் றோட்டரியின் சட்டமன்றம் உலகெங்கும் அத்தடையை நீக்கிற்று. பின்னர் மாற்றம் வந்தது; ஆறுதலாகவே வந்தது. கொழும்பைச் சேர்ந்த கே. ஆர். ரவீந்திரன் 2015-16இல் உலகத் தலைவராய் இருந்து ஏழு ஆண்டுகள் சென்ற பின்னரே, 2022-23இல், கனடா நாட்டு ஜெனிபர் ஜோன்ஸ் அப்பதவியேற்ற முதற் பெண்மணி ஆனார். ஆகவே, இன்று கழகத்தின் மேடையில் நின்று பேசும் வீராங்கனை 1980களின் தொடக்கத்தில் வந்திருந்தால் விருந்தினராகப் பேசியிருக்கலாம். அங்கத்தவராக அமர்ந்திருக்க முடியாது.

அவ்வீராங்கனையின் விளையாட்டு 2001இல் ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் மறுபிறப்பெடுத்தது. அதனைத் தொடக்குவதாக முன்வந்த ஆடவர் ஒருவர் விரைவில் விலகிப்போக, அவர் சேர்த்த பெண்கள் தாமே அதனைப் பொறுப்பேற்றனர். பொறுப்பேற்ற பின்னரும் பூசல் ஓயவில்லை. சிலர் மட்டும் உரிமையாளராய் இருப்பதா, ஆடுவோர் அனைவரும் வாக்குரிமை பெறுவதா என்பதே பூசலின் உள்ளீடு. 2003இற் பெரும்பகுதியினர் பிரிந்து, ஆடுவோரே உரிமையாளராகிய 'ரெக்சாஸ் றோலர் கேர்ள்ஸ்' என்னும் அமைப்பை நிறுவினர்.

பிரிந்தவர்க்கு ஓர் இடர் இருந்தது. பழைய ஆட்டத்துக்கு ஓரம் உயர்ந்து சாய்ந்த மரப்பாதை வேண்டும். அதனைக் கட்டவும் வைத்திருக்கவும் பெரும் பணம் வேண்டும். பணமுள்ளவன் எவனோ அவனே ஆட்டத்துக்கும் உடையவன். இவர்களோ சமதரையிலே நீள்வட்டம் ஒன்றை வரைந்து ஆடினர். கயிற்றைத் தரையிலிட்டு அதன்மேல் நாடா ஒட்டினாற் பாதை முடிந்தது. எந்த ஊரிலும் ஒரு பெரிய மண்டபத் தரை கிடைத்தாற் போதும். இந்த எளிய மாற்றமே விளையாட்டை உரிமையாளரின் கையினின்றும் விடுவித்தது என்பது என் எண்ணம். 2004இல் பல ஊர்ச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்தன; பின்னர் அவ்வமைப்பு மகளிர் சமதரை டேர்பிச் சங்கம் எனப் பெயர் பெற்றது. 2010களின் பிற்பகுதியில் அதிற் சேர்ந்த சங்கங்கள் 400ஐத் தாண்டின. 2011இல் கனடாவின் ரொறொன்ரோவில் நடந்த முதலாவது உலகக் கிண்ணப் போட்டியில் 13 நாட்டு அணிகள் ஆடின. 2018இல் மன்செஸ்ரரில் 38 அணிகள் ஆடின.

ஆட்டத்தின் முறையை விளக்குவது மேடைப் பேச்சாளர்க்கு எளிதன்று. கிளித்தட்டு ஆடியவர்க்கு இது விரைவில் விளங்கும். மறிப்போரைத் தாண்டிச் செல்வதே அங்கும் இங்கும் பொருள். இங்கே மறிப்போர் கோட்டில் நில்லாது தாமும் ஓடிக்கொண்டிருப்பர். அன்றியும் இரு அணியாரும் ஒரே வேளையில் மறிப்போராகவும் தாண்டுவோராகவும் இருப்பர்.

அணிக்கு ஐவர் பாதையில் நிற்பர். நால்வர் மறிப்போர். ஐந்தாமவர் ஜாமர், அவரது தலைக்கவச உறையில் விண்மீன் குறி இருக்கும். மறிப்போர் நால்வருள் ஒருத்தி பிவற். அவளுடைய உறையிற் பட்டைக் கோடு இருக்கும். இரு அணிகளின் மறிப்போரும் திரளாய் முன்னே நிற்க, ஜாமர் இருவரும் பின்னே நிற்பர். ஊதல் ஒலித்ததும் ஜாமர் இருவரும் திரளினூடே நுழைந்து வெளியேற முயல்வர். ஓட்டம் இடஞ்சுழியாகவே நிகழும். முதல் முறை திரளைக் கடப்பதற்குப் புள்ளியில்லை. சுற்றிவந்து மீண்டும் திரளினுட் புகும்போது, தாண்டும் எதிர் மறிப்போர் ஒவ்வொருவர்க்கும் ஒரு புள்ளி. தன் அணியார் வழி திறப்பர். எதிரணியார் வழி அடைப்பர்.

இவ்வாறு நிகழும் ஓட்டத்தை ஜாம் என்பர். அதன் உச்சக் காலம் 2 நிமிடம். அடுத்ததன் முன் 30 விநாடி ஓய்வு. ஆட்டம் முழுதும் 30 நிமிடம் கொண்ட இரு பகுதிகள். முறைப்படி முதலில் திரளைக் கடந்த ஜாமருக்கு ஓர் அரிய உரிமை உண்டு: இரு கைகளாலும் தன் இடுப்பைத் தட்டிக் காட்டி, தான் விரும்பிய கணத்தில் ஜாமை நிறுத்தலாம். நாலு புள்ளி பெற்றவுடன், எதிரணி ஜாமர் திரளை அணுகுமுன், இடுப்பைத் தட்டிவிட்டால் எதிரிக்கு ஒன்றும் இல்லை. மோதலை நோக்கி வந்தவர் இந்தக் கணக்கைக் கண்டபின் மோதலை மறந்துவிடுவர். வலிமையினும் நேரம் அறிதல் பெரிது. களைத்த ஜாமர் தன் விண்மீன் உறையைக் கழற்றிப் பிவற்றின் கையிற் கொடுத்து, ஓட்டத்தை அவளிடம் ஒப்புவிக்கவும் விதியுண்டு.

கூட்டத்தில் வினாவுக்கு இடமளித்தால், பழைய காட்சிகளை நினைவில் வைத்திருக்கும் முதியவர் எவரும் கேட்கக்கூடிய முதல் வினா: "இவையெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த சண்டைதாமே?" அல்ல. வெற்றி தோல்வி எவராலும் முன்னரே எழுதப்படுவதில்லை. முழங்கையால் இடித்தலும், தலையில் மோதலும், முதுகிற் தள்ளலும், கால் தடுக்கி வீழ்த்தலும் குற்றம். குற்றம் புரிந்தவர் 30 விநாடி வெளியே இருத்தல் வேண்டும். ஏழு குற்றமானால் அன்றைய ஆட்டத்தினின்றும் நீங்க வேண்டும். ஜாமரே வெளியே இருக்க நேர்ந்தால் அவர் இருக்கும்வரை அணிக்குப் புள்ளியில்லை. ஆதலால் அடக்கமே ஆதாயம். கணுக்காலும் முழங்காலும் முறிவதுண்டு என்பதைப் பேச்சாளர் மறைக்கத் தேவையில்லை. அதனாலேயே புதியவரை உடனே மோத விடுவதில்லை. விழுவது எப்படி என்பதே முதற் பாடம். 5 நிமிடத்தில் 27 சுற்று ஓடுதல் பல்லாண்டுக் காலம் தகுதிச் சோதனைகளுள் ஒன்றாய் இருந்தது.

ஆட்டக்காரர் சூடும் புனைபெயர்களும் கூட்டத்தாரை நகைக்கச் செய்வன. சிலேடை மிக்க அவற்றை மொழிபெயர்த்தல் இயலாது. இக்காலத்திற் பலர் சொந்தப் பெயரிலேயே ஆடுகின்றனர்.

"ஊதியம் எவ்வளவு?" என்பது கூட்டத்திலுள்ள வணிகர் கேட்கும் வினா. ஊதியம் இல்லை, மாதந்தோறும் சந்தா கட்டியே ஆடுகின்றனர். ஆசிரியை, தாதி, எழுதுவினைஞர், தாய்மார் எனப் பகலில் வேறு வேறு கடமை உடையோர் இவர். ஆடுவதோடு கடமை முடிவதில்லை. ஒருத்தி மண்டபத்துக்கு வாடகை பேசுவாள், ஒருத்தி காப்புறுதிப் பத்திரத்தைப் புதுப்பிப்பாள், ஒருத்தி கணக்கெழுதுவாள். நிருவாகக் குழு, பயிற்சிக் குழு, விளம்பரக் குழு எனப் பிரிந்து உழைப்பர். சங்கங்கள் பல, நுழைவுச்சீட்டு வருவாயில் ஒரு பங்கை ஊரின் தரும நிலையங்களுக்கு வழங்குகின்றன. கேட்டிருக்கும் கழகத்தாருக்குத் தம் கழகத்தின் ஆண்டறிக்கையைக் கேட்பது போலத் தோன்றும் இடம் இதுதான். பொருளாளர் பதவிக்கு ஆள் கிடைப்பதில்லை என்னும் குறையும் இரு திறத்தார்க்கும் பொதுவன்றோ.

இளைஞரின் ஆர்வம் குன்றினாலோ மண்டபக் கட்டணம் ஏறினாலோ ஊர்ச் சங்கம் ஒன்று ஒடுங்கிவிடலாம். 2020இற் பெருந்தொற்று வந்தபோது உலகெங்கும் ஆட்டம் நின்றது. ஆயின் 1973இல் நின்றது போலன்று அது. உரிமையாளர் ஒருவரின் முடிவுக்குக் காத்திராது, ஆடுவோர் தாமே கூடிப் பேசி எப்போது எவ்வாறு மீள்வது எனத் தீர்மானித்தனர், மீண்டும் ஆடினர்.

பேச்சின் முடிவிலே மேசையைச் சுற்றிச் சப்பாத்தொன்று கைமாறிச் செல்லும். முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக வண்டிச் சில்லுப் போன்ற நான்கு சில்லுகள். 1863இல் நியூயோர்க்கில் ஜேம்ஸ் பிளிம்ரன் புனைந்து காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தவை. அங்கத்தவர் ஒவ்வொருவரும் விரலாற் சில்லைச் சுழற்றிப் பார்த்து அடுத்தவரிடம் கொடுப்பர். பேச்சாளர் அடுத்த ஆட்டத்தின் நாளைக் கூறி, உதவிக்கு ஆள் கேட்பார். ஓர் ஆட்டத்துக்குப் பாதையில் ஓடும் மத்தியஸ்தரோடு, புள்ளி குறிப்போர், குற்ற நேரம் கணிப்போர், கடிகாரம் பார்ப்போர் எனப் பலர் சம்பளமின்றி உழைக்க வேண்டியிருக்கிறது. புள்ளி குறிப்பவர்க்குச் சில்லுச் சப்பாத்து வேண்டியதில்லை என்று தெளிந்ததும், இளைப்பாறிய கணக்காளர் ஒருவர் எழுந்து தம் பெயரைக் கொடுத்தால் வியப்பில்லை.