நெடுநாள் நின்ற வண்டியில் இறுகிய எஞ்சின்

நாள்தோறும் இயங்கும் பொறி தேய்கிறது; இயங்காது நிற்கும் பொறியோ துருவேறி இறுகுகிறது. தேய்மானம் பல்லாண்டுகளில் செய்யும் கேட்டைத் துரு ஓரிரு மழைக்காலங்களில் செய்துவிடும். கொட்டகையில் நெடுங்காலம் நின்ற மோட்டார் வண்டியை மீண்டும் ஓட்ட முயல்வோர் இதனை நேரிற் காண்பர். ஸ்டார்ட்டர் ஒருமுறை தட்டி ஓய்ந்துவிடும். கைப்பிடியை இட்டுச் சுழற்றினாலும் எஞ்சின் இம்மியும் அசையாது. "எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது" என்று கூறி வண்டியைப் பழைய இரும்பு விலைக்கு விற்போர் பலர். வேறு சிலர் நீண்ட குழாயைக் கைப்பிடியில் மாட்டி வலிந்து திருப்புவர். முன்னவர் சீர்ப்படக்கூடிய எஞ்சினைக் கைவிடுகின்றனர். பின்னவர் அதனை அரை மணி நேரத்தில் உடைத்துவிடுகின்றனர். இறுகுவதன் காரணத்தை அறிந்து பொறுமையுடன் செயற்படின், இவ்விரு இழப்புகளையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

அம்பாசடர் எஞ்சினின் அமைப்பு

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் வண்டியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மேற்கு வங்காளத்திலுள்ள உத்தர்பாடாவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1957 முதல் 2014 வரை இவ்வண்டியைத் தயாரித்தனர். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியே இதன் மூலம். பல்லாண்டுகள் இதில் பொருத்தப்பட்டிருந்த பெட்ரோல் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 1,489 கன செ.மீ. கொள்ளளவும் உடையது. சிலிண்டரின் விட்டம் ஏறத்தாழ 73 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 88.9 மி.மீ. சிலிண்டர்கள் அமைந்த உடற்பகுதி வார்ப்பிரும்பால் ஆனது. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் இரும்பினால் ஆனவை. தயாரிப்பு நின்றுவிட்டமையால், உடைந்த உடற்பகுதிக்கு ஈடாகப் புதியதொன்றைத் தொழிற்சாலையிலிருந்து பெற இயலாது. ஆகவே இருப்பதைக் காப்பதே அறிவுடைமை.

இறுகுவது எங்ஙனம்?

ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரியும்போது ஒரு கிலோவுக்கும் மிகுதியான நீராவி உண்டாகிறது. எஞ்சின் நன்கு சூடேறியிருப்பின் இந்நீராவி புகைப்போக்கி வழியே வெளியேறிவிடும். சற்று நேரமே ஓட்டி நிறுத்தினால், அதில் ஒரு பகுதி உள்ளேயே குளிர்ந்து நீராகத் தங்கும். இதனுடன் வெளிக்காற்றின் ஈரமும் சேர்கிறது.

நான்கு சிலிண்டர்களும் ஒரே நிலையில் நிற்பதில்லை. எஞ்சின் நிற்கும்போது ஒன்றில் வெளியேற்று வால்வும் மற்றொன்றில் உள்ளிழு வால்வும் திறந்திருக்கக்கூடும். திறந்த வால்வின் வழியே பருவந்தோறும் ஈரக்காற்று உட்புகும். இதனாலேயே நான்கு சிலிண்டர்களுள் ஒன்றோ இரண்டோ மட்டும் இறுகியிருக்கக் காண்கிறோம். சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலம் நாளடைவில் வழிந்து வற்றியதும், இரும்பு ஈரத்துடனும் ஆக்ஸிஜனுடனும் சேர்ந்து துருவாகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். வளையத்துக்கும் சுவருக்கும் இடையே அத்தகைய இடம் இல்லாமையால், அது ஆப்பு அடித்தாற்போல் இரண்டையும் இறுக்கிவிடுகிறது.

முதலிற் காரணம் காணல்

அசையாத எஞ்சின்கள் யாவும் துருவால் இறுகியவை அல்ல. வண்டி கியரில் நிற்கலாம். ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம் பெரிய சக்கரத்தில் சிக்கியிருக்கலாம். நீர்ப் பம்போ டைனமோவோ இறுகி, பெல்ட்டின் வழியே தடை செய்யலாம். எனவே பேட்டரி இணைப்பைக் கழற்றி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கியரை விடுவித்து, விசிறிப் பெல்ட்டைத் தளர்த்திய பின்னரே சோதிக்க வேண்டும்.

அடுத்து, எண்ணெய்த் தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து பார்த்தல் நன்று. முதலில் நீர் வடிந்தாலும், எண்ணெய் பாலேட்டைப் போல் வெளுத்திருந்தாலும், குளிர்விக்கும் நீர் எஞ்சினுள் கசிந்திருப்பதாகக் கொள்ளலாம். எண்ணெயின்றி ஓடிச் சூடேறி நின்றுபோன எஞ்சினாயின், அதன் நோய் வேறு. அங்கு உலோகமே உலோகத்துடன் ஒட்டியிருக்குமாதலால், அதனைப் பிரித்துப் பார்ப்பதே வழி.

எண்ணெய் ஊடுருவும் விதம்

நான்கு பிளக்குகளையும் கழற்றி, டார்ச் விளக்கின் ஒளியால் உள்ளே நோக்குக. பெட்ரோல் ஆவி தங்கியிருக்குமாதலால் தீக்குச்சியோ திறந்த விளக்கோ அருகில் வருதல் ஆகாது. பின்னர் ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு நீர்த்த எண்ணெய் ஊற்ற வேண்டும். டீசலுடன் மசகு எண்ணெய் கலந்தும் ஊற்றலாம். தானியங்கிக் கியர்ப் பெட்டிக்குரிய எண்ணெயையும் அசிட்டோனையும் சமமாகக் கலந்து பயன்படுத்துவோரும் உளர். இக்கலவை எளிதில் தீப்பற்றும். வண்டியின் வண்ணப் பூச்சையும் அரிக்கும்.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதற்குக் காரணமான நுண்புழைக் கவர்ச்சியே இங்கும் தொழிற்படுகிறது. இரு கண்ணாடித் தகடுகளின் ஒரு விளிம்பைச் சேர்த்தும் மறு விளிம்பைச் சற்று விலக்கியும் வண்ண நீரில் நிறுத்தினால், இடைவெளி குறுகிய பக்கத்தில் நீர் உயர்ந்து ஏறுவதை மாணவர்களுக்குக் காட்டலாம். ஆயின் இடைவெளி குறுகக் குறுகத் திரவம் மெதுவாகவே நகரும். ஒரு நாளில் பயன் காணாமை இதனாலேயாம். பிளக்குகளைத் தளர்வாக இட்டு மூடி, எண்ணெய் குறைந்த சிலிண்டரில் மீண்டும் ஊற்றி, ஒரு வாரமோ இரு வாரமோ காத்திருக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் எண்ணெய் இறங்காது நின்றால், அதுவே மிகவும் இறுகியது என ஐயுறலாம்.

வெப்பத்தின் துணையையும் கொள்ளலாம். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும் இயல்புடையது. எஞ்சின் 50 பாகை சூடேறினால் 73 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் 0.08 மி.மீ. அளவும், சிலிண்டர் 0.04 மி.மீ. அளவும் விரியும். குளிரும்போது அவ்வாறே சுருங்கும். நீர் சூழ் அறைகளில் வெந்நீரை நிரப்பிக் குளிரவிட்டு, இதனைப் பன்முறை செய்தால், இந்த நுண்ணிய அசைவு துருவை நொறுக்கி எண்ணெய்க்கு வழி விடும். முதலில் வெதுவெதுப்பான நீரில் தொடங்க வேண்டும். கொதிநீரைக் குளிர்ந்த வார்ப்பில் திடீரென ஊற்றினால் விரிசல் காணக்கூடும்.

கைப்பிடியும் நெம்புகோற் கணக்கும்

எண்ணெய் ஊறிய பின்னர் எஞ்சினைக் கையால் அசைத்துப் பார்க்கலாம். 20 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியில் 20 கிலோ விசை செலுத்துவதாகக் கொள்வோம். கிராங்க் தண்டின் ஆரம் 4.45 செ.மீ. ஆதலால், பிஸ்டன் நடுவழியில் நிற்கும்போது அதன்மீது செல்லும் விசை ஏறத்தாழ 90 கிலோ ஆகும். கைப்பிடியை ஒரு மீட்டர் குழாயால் நீட்டினால் அதே கைவலிமை 450 கிலோ விசையாகிறது. இறுகியது ஒரே சிலிண்டராயின், இவ்வளவும் ஒரே இணைப்புத் தண்டின்மீது விழும். தண்டு வளைதலும் வளையம் உடைதலும் இங்ஙனமே நேர்கின்றன. வண்டியைக் கியரிலிட்டுக் கயிறு கட்டி இழுப்பதும், ஸ்டார்ட்டரால் மீண்டும் மீண்டும் தாக்குவதும் இதனினும் கேடு பயப்பவை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி.

ஒரே திசையில் வலிந்து திருப்புவதை விடுத்து, முன்னும் பின்னுமாகச் சிறுகச் சிறுக அசைக்க வேண்டும். கைப்பிடி முன்திசையில் மட்டுமே பற்றுமாதலால், பின்திசைக்குக் கிராங்க் தண்டின் முன் திருகில் ஸ்பானரை இடலாம். திருகு கழலத் தொடங்கினால் உடனே நிறுத்துக. மயிரிழை அளவு அசைவு தெரிந்தாலும் அன்றைய வேலை வெற்றியே. மீண்டும் எண்ணெய் விட்டு, மறுநாள் தொடர்க.

அசைந்த பின்னர்

எஞ்சின் சுழன்றவுடன் அதனை இயக்கிப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. அதனை அடக்குதல் இன்றியமையாதது. வால்வு மூடியைக் கழற்றி, கையால் மெதுவாகச் சுழற்றி, எட்டு வால்வுகளும் ஏறி இறங்குகின்றனவா என்று காண வேண்டும். இறுகிய வால்வு, தள்ளு தண்டை வளைத்துவிடும். சிலிண்டரில் ஊற்றிய திரவம் தொட்டியில் இறங்கி மசகு எண்ணெயை நீர்க்கச் செய்திருக்குமாதலால், எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். பழைய பெட்ரோலை வடித்துத் தொட்டியைக் கழுவ வேண்டும். பிளக்குகள் இன்றியே சுழற்றி, எஞ்சியுள்ள திரவத்தை வெளியேற்றிய பின், எண்ணெய் அழுத்தம் ஏறக் கண்டு, அதன் பின்னரே இயக்க வேண்டும். கைப்பிடியால் இயக்குவோர் கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்க. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியாதிருக்கும்.

பல வாரங்கள் முயன்றும் அசையாவிடின் மேல்மூடியைக் கழற்றிப் பார்ப்பதே முறை. அப்போதும் இணைப்புத் தண்டை விடுவித்த பின்னரே, மரக்கட்டை வைத்துப் பிஸ்டனைத் தட்டலாம்.

வருமுன் காத்தல்

வண்டியை நெடுநாள் நிறுத்த நேரிடின், நன்கு சூடேறும்வரை ஓட்டி, புதிய எண்ணெய் இட்டு நிறுத்துக. பிளக் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு எஞ்சினைச் சில சுற்றுகள் சுழற்றுக. காற்று உட்புகும் வாயையும் புகைப்போக்கியின் வாயையும் எண்ணெய்த் துணியால் அடைத்து, அடைத்திருப்பதை எழுதிக் கண்ணில் படுமாறு கட்டி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை துணியை நீக்கி, கைப்பிடியால் எஞ்சினைச் சுழற்றி, முன்னிருந்த நிலையினின்றும் வேறு நிலையில் நிறுத்துக. பயிற்சிக் கூடங்களில் பழைய எஞ்சின்களை வைத்துப் பாடம் நடத்துவோர், இம்மாதக் கடமையை மாணவர் முறைவைத்துச் செய்யுமாறு பணிக்கலாம். ஐந்து நிமிட வேலையே ஆயினும், பல வாரங்களின் உழைப்பையும் கிடைத்தற்கரிய ஓர் எஞ்சினையும் அது காத்துத் தரும்.